இசைத்தட்டின் நடுவே ஒட்டிய காகிதம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், புளூஸ் இசை வகைகளில் ஓட்டிஸ் ரெடிங், அரீதா ஃபிராங்க்ளின், ஆல் கிரீன், பி.பி. கிங், மடி வாட்டர்ஸ் என்று எல்லோரும் சொல்லும் பெயர்களைக் கேட்டு முடித்துவிட்டதாகவும், அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியவில்லை என்றும், பாட்டுக் கேட்கும் செயலி அதே முப்பது பாடல்களையே திருப்பித் திருப்பிப் போடுகிறது என்றும், பழைய புளூஸ் பாடல்களில் வரிகளே காதில் பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பெயர்களை வரிசையாக எழுதி அனுப்புவது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்படிப்பட்ட பட்டியல்கள் எனக்கும் பலர் தந்திருக்கிறார்கள். அவற்றில் மூன்று பெயர்கள்கூட மனத்தில் தங்கியதில்லை. ஆகவே நான் கடைப்பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். பெயர்கள் வழியில் தாமாகவே வந்து சேரும்.

நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டின் நடுவே வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பாடலின் பெயரும் பாடகரின் பெயரும் அதில் பெரிதாக இருக்கும். பாடலின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் எழுதியவரின் பெயர், ஓரத்தில் நிறுவனத்தின் பெயர், பல தட்டுகளில் ஊரின் பெயரும் தயாரிப்பாளரின் பெயரும் இருக்கும். சோல் இசையில் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க விரும்புகிறவர் பெரிய எழுத்தை விட்டுவிட்டு இந்தப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். ஏனென்றால் 1960களின் சோல் இசை, தனித்த மேதைகள் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து உருவாக்கியதன்று. ஏதோ ஒரு தென்மாநில ஊரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம், அதில் நாள்தோறும் வந்து வாசிக்கும் நான்கைந்து வாத்தியக்காரர்கள், பக்கத்து அறையில் பாட்டு எழுதும் இருவர், வாசலில் வாய்ப்புக்குக் காத்திருக்கும் பாடகர்கள் என்றுதான் அது இயங்கியது. பாடகர்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். அதே வாத்தியக்காரர்கள் அதே வாரத்தில் வேறொருவருக்கு வாசித்த தட்டு ஆயிரம் பிரதிகூட விற்காமல் கிடங்கில் கிடந்தது. இரண்டுக்கும் இடையே தரத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

ஓட்டிஸ் ரெடிங்கை உங்களுக்குத் தெரியும் என்பதால் அவரிடமிருந்தே தொடங்குவோம். 1965 இல் வெளிவந்த அவருடைய 'ஓட்டிஸ் புளூ' தொகுப்பின் கடைசிப் பாடல் 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்'. எழுதியவர் வில்லியம் பெல். அவர் மெம்ஃபிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஓட்டிஸுக்கு முன்பே சேர்ந்த பாடகர். 1961 இல் அவரே இதைப் பாடிப் பதிவுசெய்தார். ஓட்டிஸ் கெஞ்சிக் கதறுகிற இடத்தில் பெல், தன் தவற்றை ஒப்புக்கொண்டவர் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பாடுகிறார். பின்னணியில் தேவாலயத்துப் பியானோவின் சாயல் அப்படியே இருக்கிறது. பெல் எழுதிய இன்னொரு பாடல் 'எனி அதர் வே'. அதை டொரொன்டோ மேடைகளில் புகழ்பெற்ற ஜாக்கி ஷேன் என்பவர் பாடினார். நாஷ்வில் நகரத்தில் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர் அவர். அந்த வாழ்க்கையை மறைக்காமல் 1960களில் மேடையேறியவர். 1970களின் தொடக்கத்தில் இசையுலகை விட்டு ஒதுங்கிய அவருடைய பாடல்களை நியூமெரோ குரூப் என்ற மறுவெளியீட்டு நிறுவனம் 2017 இல் தொகுத்து வெளியிட்டது. அந்தத் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஓட்டிஸ் ரெடிங்கின் ஒரு பாடலில் தொடங்கி இரண்டே தாவலில் ஜாக்கி ஷேனிடம் வந்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கேட்டதை மற்றவர்களும் கேட்டார்கள் என்ற கணக்கில் இயங்கும் செயலி இந்தப் பாதையில் உங்களை அழைத்துப் போவது அரிது.

ஓட்டிஸின் 'பெயின் இன் மை ஹார்ட்' பாடலுக்கும் இதேபோல் ஒரு மூலம் உண்டு. இன்று கிடைக்கும் பதிப்புகளில் எழுதியவர் பெயர் நவோமி நெவில் என்றிருக்கும். அது நியூ ஆர்லியன்ஸின் பியானோக் கலைஞர் ஆலன் டூசான்ட் தன் தாயாரின் பெயரில் வைத்துக்கொண்ட புனைபெயர். மூலப் பாடல் 'ரூலர் ஆஃப் மை ஹார்ட்', பாடியவர் அர்மா தாமஸ், ஆண்டு 1963. அடுத்த ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் புகழ்பெறச் செய்த 'டைம் இஸ் ஆன் மை சைட்' பாடலையும் அதற்குச் சற்று முன்பாக இவர் பாடியிருந்தார். அதன் பிறகு அதை மேடையில் பாடினால் இவர்தான் ஸ்டோன்ஸைப் பார்த்துப் பாடுகிறார் என்று மக்கள் நினைத்துவிட்டதால், பல ஆண்டுகள் அதைப் பாடாமலே இருந்தார். நவோமி நெவில் என்ற பெயர் இருக்கும் தட்டுகளை மட்டும் தேடிப்பிடித்துக் கேட்டாலே நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கென்று உள்ள துள்ளலான தாளக்கட்டு உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது பாதைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. இங்கே சற்று அதிக நேரம் நிற்க அனுமதியுங்கள். ஓட்டிஸ் பாடிய 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' என்ற பாடலை எழுதியவர் ரூஸ்வெல்ட் ஜேமிசன். மெம்ஃபிஸில் இரத்த வங்கி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பாடகர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். அவர் கைதூக்கிவிட்ட பாடகர்கள் இருவர்: ஓ.வி. ரைட், ஜேம்ஸ் கார். இந்தப் பாடலை முதலில் ஓ.வி. ரைட்தான் கோல்ட்வாக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்காக 1964 இல் பாடினார். ஆனால் ரைட் அதற்கு முன்பு தேவாலயப் பாடல் குழுவொன்றில் இருந்தபோதே ஹூஸ்டன் நகரத்து டான் ரோபியின் நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருந்தார். ரோபி ஒப்பந்தத்தைக் காட்டி அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோல்ட்வாக்ஸில் மிஞ்சியவர் ஜேம்ஸ் கார்.

ஜேம்ஸ் கார் 1967 இல் வெற்றிபெறச் செய்த 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' பாடலைக் கேளுங்கள். டான் பென், சிப்ஸ் மோமன் ஆகிய இருவரும் நாஷ்வில் விடுதியொன்றில் நடந்த சீட்டாட்டத்தின் இடைவேளையில் அரை மணி நேரத்தில் எழுதியதாகச் சொல்லப்படும் பாடல் இது. மணமான இருவரின் கள்ளக் காதலைப் பற்றியது. ஊர் அறிந்தால் என்ன ஆகும் என்ற அச்சமும், அறியத்தான் போகிறது என்ற உறுதியும் ஒரே குரலில் கேட்கும். பின்னாளில் அரீதா ஃபிராங்க்ளின் உட்பட எத்தனையோ பேர் இதைப் பாடிவிட்டார்கள். என் மதிப்பீட்டில் காருக்கு அருகில்கூட ஒருவரும் வரவில்லை. மற்றவர்கள் சோகத்தை நடித்துக்காட்டும் இடத்தில் அவர் குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உடைந்துவிடுமோ என்று கேட்பவருக்குத்தான் பதற்றமாகிறது. மனநோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர் 2001 இல் இறந்தார். கோல்ட்வாக்ஸுக்காக அவர் பாடியவற்றை எல்லாம் சேர்த்தால் சில மணி நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். புதிய கேட்பாளர் முதலில் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஓ.வி. ரைட்டின் கதை வேறு திசையில் போனது. ரோபியின் நிறுவனத்துக்காகப் பாடினாலும் அவருடைய நல்ல பதிவுகள் மெம்ஃபிஸின் ராயல் கூடத்தில், வில்லி மிட்செல் தயாரிப்பில் நடந்தன. பழைய திரையரங்கு ஒன்றை மாற்றி அமைத்த கூடம் அது. ஸ்டாக்ஸின் கூடமும் அப்படியே. இரண்டிலும் பார்வையாளர் இருக்கைகள் இருந்த தரை சரிவாகவே விடப்பட்டிருந்தது. உங்களுக்குத் தெரிந்த ஆல் கிரீன் பாடல்கள் எல்லாம் ராயல் கூடத்தில் பதிவானவைதாம். கிட்டாரில் டீனி ஹாட்ஜஸ், ஆர்கனில் சார்ல்ஸ் ஹாட்ஜஸ், பேஸ் கிட்டாரில் லெராய் ஹாட்ஜஸ் என்ற மூன்று சகோதரர்களும், டிரம்ஸில் ஹோவர்ட் கிரைம்ஸ் அல்லது அல் ஜாக்சன் ஜூனியரும் வாசித்த அந்தத் தளர்ந்த, அவசரமில்லாத தாளம் ஆல் கிரீனுக்கு மெத்தை விரித்ததுபோல் இருக்கும். அதே தாளம் 1971 இல் வெளிவந்த ரைட்டின் 'எ நிக்கல் அண்ட் எ நெயில்' பாடலில், பையில் ஓர் ஐந்து காசு நாணயமும் ஓர் ஆணியும் மட்டுமே மிஞ்சிய மனிதனின் புலம்பலுக்குப் பின்னால் ஈவிரக்கமின்றி நடந்துகொண்டிருக்கும். ஒரே கூடம், ஒரே கைகள், அதே ஆண்டு. ஒருவர் காதலில் உருகுகிறார், மற்றவர் தெருவில் நிற்கிறார். ரைட் 1980 இல் நாற்பத்தொரு வயதில் இறந்தார்.

ராயல் கூடத்திலிருந்து இன்னும் மூவரைச் சொல்கிறேன். 1973 இல் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் தி ரெயின்' பாடிய ஆன் பீபிள்ஸ். அதன் தொடக்கத்தில் மழைத்துளிபோல் சொட்டும் ஒலி மின்சார டிம்பாலி என்ற தாளக் கருவியிலிருந்து வருகிறது. அடுத்தவர் 'டிரையிங் டு லிவ் மை லைஃப் வித்தவுட் யூ' பாடிய ஓட்டிஸ் கிளே. மூன்றாமவர் சில் ஜான்சன். இவர் 1969 இல் சிகாகோவில் பதிவுசெய்த 'இஸ் இட் பிகாஸ் ஐ'ம் பிளாக்' என்ற நீண்ட பாடல், அக்காலத்துக் கறுப்பின அரசியல் பாடல்களில் மிக நிதானமானது. அந்த நிதானமே அதன் கூர்மை. ஆல் கிரீனின் 'டேக் மீ டு தி ரிவர்' பாடலை அதே வாத்தியக்காரர்களுடன் சில் ஜான்சன் 1975 இல் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பாடகர் மாறினால் ஒரு குழுவின் வாசிப்பில் என்ன மாறுகிறது, என்ன மாறுவதில்லை என்பது பத்து நிமிடத்தில் விளங்கும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர் எப்போதும் உண்மை பேசும் என்றும் நம்பிவிடாதீர்கள். டான் ரோபியின் தட்டுகளில் 'டியட்ரிக் மலோன்' என்ற பெயர் அடிக்கடி வரும். அது ரோபியின் புனைபெயர். பிறர் எழுதிய பாடல்களைச் சொற்பத் தொகைக்கு விலைக்கு வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். பொடி எழுத்தில் அந்தக் காலத்துச் சுரண்டலும் சேர்த்தே அச்சாகியிருக்கிறது.

அலபாமாவின் மசில் ஷோல்ஸ் பகுதிக்கும் ஒரு முறை போய்வர வேண்டும். ரிக் ஹால் நடத்திய ஃபேம் கூடத்தின் முதல் வெற்றி ஆர்தர் அலெக்சாண்டர் 1961 இல் பாடிய 'யூ பெட்டர் மூவ் ஆன்'. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பாப் டிலன் ஆகிய மூன்று தரப்பினரும் அலெக்சாண்டரின் பாடல்களைப் பாடியிருக்கிறார்கள். அவரோ ஒரு கட்டத்தில் இசையை விட்டுவிட்டு கிளீவ்லண்டில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். 1993 இல் மீண்டும் ஒரு தொகுப்பை வெளியிட்டு, அது பேசப்படத் தொடங்கிய சில மாதங்களிலேயே இறந்துவிட்டார். நிறவெறிச் சட்டங்களின் கெடுபிடி மிகுந்திருந்த அலபாமாவில், இந்தக் கூடத்தில் பாடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வாசித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

நல்ல பாடல் ஏன் மறைந்துபோகிறது என்பதற்கு பெட்டி லவெட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1962 இல் பதினாறு வயதில் முதல் வெற்றியைப் பெற்றவர். 1972 இல் மசில் ஷோல்ஸில் ஒரு முழுத் தொகுப்பைப் பதிவுசெய்தார்; நிறுவனம் அதை வெளியிடாமல் கிடப்பில் போட்டுவிட்டது. பிரான்ஸைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் தேடிப்பிடித்து 2000 ஆம் ஆண்டில் வெளியிடும் வரை இருபத்தெட்டு ஆண்டுகள் அது ஒலிநாடாவாகவே இருந்தது. அதன் பிறகுதான் அவருக்கு இரண்டாவது இசை வாழ்க்கை அமைந்தது. 2007 இல் அதே மசில் ஷோல்ஸுக்குத் திரும்பிப்போய் 'தி சீன் ஆஃப் தி கிரைம்' தொகுப்பைப் பாடினார். பாடலில் குறை இருந்ததால் அது மறையவில்லை. அலுவலகத்தில் யாரோ எடுத்த ஒரு முடிவுதான் காரணம். இதற்கு நேர்மாறானதும் நடந்ததுண்டு. 1970 ஆம் ஆண்டு மே மாதத்தில் வார்டெல் கெசர்க் என்ற இசையமைப்பாளர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாடகர்களைப் பள்ளிப் பேருந்தொன்றில் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்திலிருந்த மலாக்கோ கூடத்துக்குப் போனார். ஒரே நாளில் கிங் ஃபிளாயிடின் 'குரூவ் மீ', ஜீன் நைட்டின் 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்' இரண்டும் பதிவாயின. பெரிய நிறுவனங்கள் இரண்டையும் முதலில் வேண்டாம் என்றே சொல்லின. முதலாவது வெற்றி பெற்ற பிறகு, வேண்டாம் என்று சொன்ன ஸ்டாக்ஸ் நிறுவனமே இரண்டாவதை வாங்கி வெளியிட, 1971 இல் அது பல இலட்சம் பிரதிகள் விற்றது.

விற்காமல்போன தட்டுகளுக்கு இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மறுவாழ்வு கிடைத்தது. மான்செஸ்டரின் டுவிஸ்டெட் வீல், 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசினோ போன்ற நடன அரங்குகளில், தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் அமெரிக்காவில் தோற்ற வேகமான சோல் பாடல்களுக்கு விடிய விடிய ஆடினார்கள். இதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயரிட்டவர் டேவ் காடின் என்ற இசை எழுத்தாளர். குளோரியா ஜோன்ஸ் 1965 இல் பாடிய 'டெயின்டெட் லவ்' ஒரு தட்டின் பின்பக்கப் பாடலாக வந்து கவனிக்கப்படாமல் போனது. இந்த அரங்குகள் அதை உயிரோடு வைத்திருந்ததால்தான் சாஃப்ட் செல் குழு 1981 இல் அதை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' தட்டு 1965 இல் அச்சாகி, வெளியிடப்படாமலே நிறுத்தப்பட்டது. எஞ்சிய சில பிரதிகளில் ஒன்று 2009 இல் 25,742 பவுண்டுக்கு விற்றது.

இந்த விலையைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. அரிதாக இருப்பதும் சிறப்பாக இருப்பதும் ஒன்றன்று. நார்தர்ன் சோல் தொகுப்புகளில் பாதிப் பாடல்கள் டெட்ராய்ட் நகரத்தின் புகழ்பெற்ற சோல் நிறுவனமான மோட்டவுனைப் பார்த்துச் செய்த சுமாரான நகல்களே. ஆடுவதற்கு உதவும், உட்கார்ந்து கேட்கத் தாங்காது. காடினுக்கே இது தெரியும் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் அவர் தொகுத்த 'டீப் சோல் ட்ரெஷர்ஸ்' என்ற நான்கு தொகுதிகளில் நடனப் பாடல்களை ஒதுக்கிவிட்டு, நெஞ்சைப் பிழியும் மெதுவான பாடல்களையே சேர்த்தார். கென்ட் நிறுவனம் வெளியிட்ட அந்தத் தொகுதிகளில் முதலாவதை மட்டும் கேட்டாலும் போதும். ஒரு வாரத்துக்கு வேறு எதுவும் கேட்க மாட்டீர்கள். அமெரிக்கச் சிற்றூர் நிறுவனங்களுக்கு நியூமெரோ குரூப்பின் 'எக்சென்ட்ரிக் சோல்' வரிசை நல்ல வாசல். அதில் ஒஹையோ மாநிலக் கொலம்பஸ் நகரத்தின் கேப்சோல் நிறுவனத்தைப் பற்றிய முதல் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

இனி புளூஸ். சோல் கேட்டுப் பழகிய காதை நேராக 1930ஆம் ஆண்டின் கீறல் விழுந்த தட்டுக்குக் கொண்டுபோவது தவறு. பெரும்பாலோர் அங்கேதான் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள். பாபி பிளாண்டின் 1961 ஆம் ஆண்டுத் தொகுப்பான 'டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் தி புளூஸ்' இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்கிறது. இதுவும் ரோபியின் நிறுவனத்தில் வந்ததுதான். அடுத்து, சிகாகோவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த மேஜிக் சாம். 1967 இல் பதிவான 'வெஸ்ட் சைட் சோல்' என்ற அவருடைய தொகுப்பின் பெயரிலேயே சோல் இருக்கிறது. சிகாகோவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பாப் கோஸ்டர் நடத்திய டெல்மார்க் நிறுவனம் அதை வெளியிட்டது. மடி வாட்டர்ஸின் புளூஸில் உள்ள கனம் இதில் இல்லை; குரல் மெலிந்து, உயர்ந்து, கிட்டாரோடு போட்டி போடும். சாம் 1969 இல் முப்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் இறந்தார்.

லூசியானாவின் குரோலி என்ற சிற்றூரில் ஜே மில்லர் பதிவுசெய்து, நாஷ்வில் நகரத்து எக்செல்லோ நிறுவனம் வெளியிட்ட புளூஸ் வேறொரு வகை. ஸ்லிம் ஹார்ப்போ, லைட்னின் ஸ்லிம், லேசி லெஸ்டர் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். சதுப்பு நிலத்தின் புழுக்கமும் சோம்பலும் அந்த ஒலியிலேயே இருக்கும். தாளத்துக்கு அட்டைப் பெட்டியைத் தட்டியிருக்கிறார்கள். மூக்கால் பாடுவது போன்ற ஸ்லிம் ஹார்ப்போவின் குரலுக்குப் பழக இரண்டு மூன்று பாடல்கள் ஆகும். பிறகு விடாது.

மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கிலுள்ள குன்றுப் பகுதி புளூஸ், நம்மவர் காதுக்கு எல்லாவற்றையும்விட எளிதாக இறங்கும் என்பது என் அனுபவம். சிகாகோ புளூஸ் பன்னிரண்டு தாளச் சுற்றுகளுக்குள், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்குகள் மூன்றை மாற்றி மாற்றிப் போகும். குன்றுப் பகுதியில் பல பாடல்கள் ஒரே அடுக்கில் நின்று, சுருதியைப் போல ஓர் ஒலியைத் தொடர்ந்து நிறுத்தி, அதன்மேல் ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கிட்டார்த் தந்தியின்மேல் கண்ணாடிக் குழாயைச் சறுக்கி வாசிக்கும்போது வரும், புளூஸுக்கே உரிய சுரம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ அசைந்துகொண்டிருப்பதையும் நீங்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1959 இல் கோமோ என்ற ஊரில் பதிவுசெய்த ஃபிரெட் மெக்டவல் இந்த வகைக்குத் தலைவாசல். அப்போது அவர் விவசாயி. பிறகு ஜெசி மே ஹெம்ஃபில், ஆர்.எல். பர்ன்சைட் ஆகியோரையும், 1992 இல் வந்த ஜூனியர் கிம்புரோவின் 'ஆல் நைட் லாங்' தொகுப்பையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கேட்காமல் இரவில் ஒரே மூச்சில் கேட்பது நல்லது.

பழைய தட்டுகளுக்கு இப்போது வருவோம். விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்த ஒரு நிறுவனம், கிராமஃபோன் பெட்டிகளையும் செய்யத் தொடங்கி, பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டும் என்று பாரமவுண்ட் என்ற பெயரில் தட்டுகளையும் வெளியிட்டது. மலிவான அரக்கில் அச்சிட்டதால் ஒலியில் இரைச்சல் அதிகம்; தட்டு அச்சிட உதவிய தாய்த்தகடுகள் பிற்பாடு பழைய உலோகமாக விலைபோயின. ஆகவே இன்று நாம் கேட்பவை யாரோ வீட்டில் தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தவை. கீச்சி வைலி 1930 இல் பாடிய 'லாஸ்ட் கைண்ட் வர்ட்ஸ் புளூஸ்' அப்படி எஞ்சியது. அவரைப் பற்றி உலகம் அறிந்தவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மிசிசிப்பியின் பென்டோனியா ஊரைச் சேர்ந்த ஸ்கிப் ஜேம்ஸ் 1931 பிப்ரவரியில் அதே நிறுவனத்துக்காகப் பாடியவற்றில் பதினெட்டு எஞ்சியுள்ளன. பொருளாதாரப் பெருமந்தத்தில் அவை விற்கவில்லை. அவர் இசையை விட்டுவிட்டார். 1964 இல் அவரை இளம் கிட்டார்க் கலைஞர்கள் மூவர் டியூனிகா ஊர் மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். அதே கோடையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். நீங்கள் முதலில் அவருடைய 1960களின் தெளிவான பதிவுகளைக் கேளுங்கள். மெல்லிய உச்சக் குரலும் இருண்ட சுருதிச் சேர்க்கையும் பழகிய பிறகு 1931 ஆம் ஆண்டுத் தட்டுக்குப் போனால், இரைச்சலுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் காது தானே பிரித்தெடுத்துக்கொள்ளும்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைக் கண்டுபிடித்ததோ அவருடைய பாட்டை வைத்தே. 1928 இல் நியூயார்க்கில் பதிவுசெய்த பாடலொன்றில், அவலான் தன் சொந்த ஊர் என்று அவர் பாடியிருந்தார். 1963 இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் பழைய நிலப்படத்தில் அந்த ஊரைத் தேடி எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, ஹர்ட் அங்கேதான் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார். புளூஸ் என்றாலே அலறல் என்று எண்ணுபவர்களுக்கு அவரது கனிந்த குரலும் விரல்நுனி வாசிப்பும் நல்ல மாற்று மருந்து.

வரிகள் புரியாததைப் பற்றிக் கேட்டீர்கள். புளூஸ் பாடல்களின் அமைப்பே இதற்கு உதவுகிறது. பெரும்பாலானவற்றில் முதல் வரி ஒரு முறை பாடப்பட்டு, அப்படியே இரண்டாம் முறையும் பாடப்பட்டு, மூன்றாவதாக அதற்கு விடைபோல் ஒரு வரி வரும். முதல் தடவை தவறவிட்ட சொல்லை இரண்டாம் தடவை பிடித்துக்கொள்ளலாம். எழுத்து வடிவத்தை இணையத்தில் எடுத்துப் பார்ப்பதாக இருந்தால் மூன்று முறை கேட்ட பிறகு பாருங்கள். அவற்றிலும் பிழைகள் மலிந்திருக்கின்றன. பழைய தட்டுகளில் சில சொற்களைப் பற்றி வல்லுநர்களே இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தப் பாடகர்களில் பலர் வறுமையில் இருந்தபோது, தங்கள் பழைய வெற்றிப் பாடல்களையே 1970களிலும் 80களிலும் மலிவுத் தொகுப்புகளுக்காக மீண்டும் பாடிக்கொடுத்தார்கள். செயலிகளில் முதலில் வந்து நிற்பது பல வேளைகளில் அந்த மறுபதிவுதான். நானும் ஒரு பாடகரை இப்படித் தவறான பதிவில் கேட்டு, இவரிடம் என்ன இருக்கிறது என்று சில ஆண்டுகள் ஒதுக்கிவைத்திருந்தேன். 1965 ஆம் ஆண்டுப் பாடலில் டிரம்ஸ் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, ஊதுகருவிகள் இருக்க வேண்டிய இடத்தில் மின்னணு விசைப்பலகை ஒலித்தாலோ, நிறுத்திவிட்டு வேறு பதிவைத் தேடுங்கள். தொகுப்பின் பெயரில் 'மிகச் சிறந்த' என்றிருந்து நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஏஸ், கென்ட், நியூமெரோ, டெல்மார்க், ஆர்ஹூலி என்ற பெயர்கள் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். தனிப்பாடலாக வந்த 1960களின் சோல் பாடலுக்கு ஒற்றைத் தட ஒலி (மோனோ), இரட்டைத் தட ஒலி (ஸ்டீரியோ) இரண்டும் கிடைத்தால் ஒற்றைத் தடத்தையே தேர்ந்தெடுங்கள். அக்காலத்தில் வானொலிக்காகக் கூடத்தில் கவனமாகக் கலந்தது அதைத்தான். இரட்டைத் தடம் பல வேளைகளில் பாடகரை ஒரு மூலையிலும் டிரம்ஸை மறு மூலையிலும் தள்ளிவிடும்.

இன்றிரவே தொடங்குவதாக இருந்தால் ஜேம்ஸ் காரின் கோல்ட்வாக்ஸ் பதிவுகள், நாளைக்கு ஓ.வி. ரைட், வார இறுதியில் ஃபிரெட் மெக்டவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் எழுதியவர், கூடம், வாசித்தவர்கள் பெயரை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் பெரும்பாலான தட்டுகளின் நடுக்காகிதத்துப் படமே இருக்கிறது. இரண்டாவது பக்கத்தை எட்டுவதற்குள் டான் பென் என்ற பெயரை மூன்று தடவையாவது எழுதியிருப்பீர்கள். அடுத்து யாரைக் கேட்பது என்று அப்போது என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.